இடுப்பளவு

கொட்டாஞ்சேனையில் இமெல்டாவுக்குத் தெரியாத இடுப்பு இல்லை என்று ஜெம்பட்டா வீதிப் பெண்கள் பகிடியாகச் சொல்வார்கள். பகிடியென்றாலும் பொய்யில்லை. இருபத்திரண்டு வருடமாக அவள் அந்த ஒழுங்கைக்குள் இருந்து தைக்கிறாள். மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கும் சிறுமிகளுக்கு வெள்ளைக் கவுன், பள்ளிக்கூட யூனிபோம், கலியாணப் பெண்ணுக்குச் சாறி பிளவுஸ். எல்லாருடைய அளவும் தடித்த மட்டை போட்ட ஒரு கொப்பியில் இருந்தது. கொப்பியைப் பார்த்தே யார் முழுகாமல் இருக்கிறாள், யாருக்குச் சீனி வருத்தம் வந்து வற்றிப்போனாள் என்று அவளால் சொல்லிவிட முடியும். சொல்லமாட்டாள். வாயை மூடிக்கொண்டு, தையலுக்குள் இரண்டு விரல் துணியைக் கூடவோ குறையவோ விட்டுத் தைத்துக் கொடுப்பாள். அதனாலேயே ஆட்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

அப்படிப்பட்டவளுக்குத் தன் வீட்டுக்குள் இருந்த இடுப்பு தெரியாமல் போயிற்று.

இமெல்டா குருநகர்க்காரி. தொண்ணூற்றைந்தில், பதினெட்டு வயதில், தாயோடு கொழும்புக்கு வந்தவள். புருஷன் சிறில் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவன். துறைமுகத்தில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான். ஒரே பிள்ளை ஷெரோமி, பத்தொன்பது வயது. பள்ளிக்கூட நாளிலிருந்தே ஓட்டக்காரி. ஏ லெவல் முடித்த கையோடு ஒரு நிதிக் கம்பனி அவளைத் தன் விளையாட்டு அணியில் தற்காலிகமாக எடுத்திருந்தது. காலையில் பயிற்சி, பிறகு கந்தோரில் பைல் அடுக்கும் வேலை. ஓகஸ்ட் மாதத் தெரிவுப் போட்டியில் ஐயாயிரம் மீற்றரைப் பதினேழரை நிமிடத்துக்குள் ஓடிவிட்டால் வேலை நிரந்தரம். சிறில் துறைமுகத்தில் எல்லாருக்கும் இதைச் சொல்லி வைத்திருந்தான்.

இமெல்டாவுக்கு மாதச் சுகயீனம் நின்று இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு மகளுக்கு மட்டும் மாதம் ஒரு பாட் பக்கற் வாங்குவாள். இப்திகார் நானாவின் கடையில் அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, கறுப்புச் சொப்பிங் பையில் போட்டுத் தருவார்கள். மேலறையில் ஷெரோமியின் அலுமாரிக்குள், உடுப்புகளுக்குக் கீழே செருகிவிட்டு வந்துவிடுவாள். தாயும் மகளும் இதைப்பற்றிக் கதைப்பதில்லை.

மே மாதம் முதல் நன்மைக் கவுன்களின் நெருக்கடி. பதினாலு கவுன் வெட்டிக் கிடந்தது. அன்று பக்கற்றைச் செருகப் போனபோது கை உள்ளே போகவில்லை. உடுப்பை இழுத்துப் பார்த்தாள். பழைய சப்பாத்துப் பெட்டி ஒன்று. அதற்குள் ஆறு பக்கற், ஒன்றும் உடைக்கவில்லை. ஏழாவது அவள் கையில் இருந்தது.

ஷெரோமி எட்டரைக்கு வந்தாள். நாலரைக்கு எழும்பி சுகததாச மைதானத்துக்குப் போனால் அந்த நேரம்தான் திரும்புவாள். வாசற்படியில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றினாள். இமெல்டா மெஷினை நிறுத்திவிட்டு அளவு நாடாவை எடுத்தாள்.

“இஞ்ச வா பிள்ளை. அளவெடுக்கோணும்.”

“என்னத்துக்கு?”

“றொஹான் அண்ணான்ர கலியாணத்துக்கு பிளவுஸ் தைக்க வேண்டாமோ?”

“அது டிசம்பரிலயெல்லோ அம்மா. எனக்குக் குளிக்கோணும்.”

“நில்லெண்டா நில்.”

இடுப்பு இருபத்து மூன்றரை. போன வருடம் கொப்பியில் இருபத்தாறரை. நாடா வழுகிவிட்டதோ என்று திரும்பவும் சுற்றிப் பார்த்தாள். அதே இருபத்து மூன்றரைதான். மார்பளவிலும் இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. தோள்மூட்டில் எலும்பு கையில் தட்டியது. முழுகாமல் இருந்தால் கூட வேண்டும், இது குறைந்திருக்கிறது என்று அவளுடைய தொழில் அவளுக்குச் சொன்னது. ஆனாலும் பயம் அளவு பார்த்து வருவதில்லை.

“உனக்குக் கடைசியா எப்ப சுகமில்லாமல் வந்தது?”

ஷெரோமி நாடாவைக் கழற்றித் தாயின் கையில் கொடுத்தாள். “ஏன்?”

“அலுமாரிக்குள்ள ஆறு பக்கற் கிடக்குது.”

“ஓம். வாறேல்ல.”

“வாறேல்லையெண்டா?”

“வாறேல்லையெண்டா வாறேல்லத்தான். ஒக்டோபருக்குப் பிறகு வரேல்ல. ஓடுற பிள்ளையளுக்கு அப்பிடித்தான் அம்மா. ஹம்சிகாவுக்கு ஒரு வருசமா இல்லை. டீமில அரைவாசிப் பேருக்கு ஒழுங்கா வாறேல்ல. நல்லந்தானே, ரேஸ் நேரம் கரைச்சல் இல்லை.”

ஹம்சிகா அவளோடு ஓடுகிறவள். வெள்ளவத்தைப் பிள்ளை, எப்போதாவது வீட்டுக்கு வந்து பிளேன்ரீ குடித்துவிட்டுப் போவாள்.

“உங்கட சேருக்குத் தெரியுமோ?”

“சேரிட்ட ஆர் போய் இதைச் சொல்லுறது?”

இமெல்டா கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “நான் கேக்கிறனெண்டு கோவிக்காத. ஆரோடயும் ஏதும்...”

ஷெரோமி கழற்றிய சப்பாத்தைத் தூக்கி மூலையில் போட்டாள்.

“நாலரைக்கு எழும்பி ஓடப் போறன். எட்டரைக்கு வாறன். பத்து மணிக்குக் கந்தோர். ஆறு மணிக்கு வந்து விழுந்து படுக்கிறன். இதுக்குள்ள எந்த நேரம் எண்டு நினைக்கிறீங்கள்?”

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அன்று கந்தோருக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

நம்பிவிடத்தான் இமெல்டாவுக்கு ஆசை. ஆனால் கவுனுக்கு லேஸ் வைக்கும்போது இரண்டு தரம் விரலில் ஊசி ஏறியது. கொட்டாஞ்சேனையில் எந்த மருந்துக்கடையிலும் போய்க் கேட்க முடியாது. அங்கே மருந்து எடுத்துத் தரும் பெட்டைகளின் பிளவுஸும் அவள் தைத்ததுதான். லைனிங் துணி வாங்கவென்று புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து பஸ் எடுத்து வெள்ளவத்தைக்குப் போனாள். காலி வீதியில் சனம் நிறைந்த ஒரு மருந்துக்கடைக்குள் நுழைந்து, முழுகாமல் இருக்கிறதோ என்று பார்க்கும் குச்சியொன்றைத் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மெல்லக் கேட்டாள். கடைப் பெண், “துவட்டத?” என்று, மகளுக்கா என்று, எல்லாருக்கும் கேட்கக் கேட்டாள்.

“இல்லை. எனக்கு,” என்றாள் இமெல்டா.

அந்தப் பெண் இமெல்டாவின் நரைத்த வகிட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் ஷெரோமி அதை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனாள். வெளியே வந்து தாயின் மெஷின் மேசையில், வெள்ளைச் சாட்டின் துணிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு கோடு.

“இப்ப நிம்மதியோ?”

நிம்மதிதான். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். வயிற்றில் பிள்ளை இல்லையென்று ஆனதும், இனிக் கேட்க ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டாள். எல்லாம் நடந்து முடிந்த பிறகு ஆறுதலாக யோசித்தபோது அவளால் தாங்கமுடியாமல் இருந்தது இதுதான். ஏழு மாதமாகப் பிள்ளையின் உடம்பில் ஒன்று நின்றுபோயிருக்கிறது. தான் ஒரேயொரு கேள்வியைக் கேட்டு, அதற்குப் பதில் கிடைத்ததும் தையலுக்குத் திரும்பிவிட்டாள்.

ஜூன் முழுக்க மழை. ஷெரோமி மழையிலும் ஓடினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறில் பாரை மீன் வாங்கி வருவான். இமெல்டா தேங்காய்ப்பால் விட்டுத் தடிப்பாகக் குழம்பு வைத்து, பிட்டு அவித்து வைப்பாள். ஷெரோமி குழம்பிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து, குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டுச் சாப்பிடுவாள்.

“குழம்பைக் கழுவிச் சாப்பிடுற ஆக்களை நான் இப்பதான் பாக்கிறன்,” என்று சிறில் சிரிப்பான்.

“தேங்காய்ப்பால் கொழுப்பு அப்பா. திங்கக்கிழமை சேர் நிறுக்கிறவர்.”

பயிற்சியாளர் நிஹால் சேர் திங்கட்கிழமை தோறும் எல்லாரையும் தராசில் ஏற்றுவார். ஒரு கிலோ குறைந்தால் இத்தனை செக்கன் குறையும் என்று அவருக்கு ஒரு கணக்கு. ஷெரோமி விடியப் பிளேன்ரீ குடிப்பாள், சீனி இல்லாமல். பயிற்சிக்குப் பிறகு முட்டையின் வெள்ளைக்கரு இரண்டு. மத்தியானம் அவித்த கடலை ஒரு கோப்பை, வெள்ளரிக்காய். இரவில் ஒரு அப்பிள் பழம். சோறு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஓட்டக்காரப் பிள்ளை, ஒழுக்கமாகச் சாப்பிடுகிறாள் என்றுதான் பெற்றவர்கள் இருவரும் பெருமைப்பட்டார்கள்.

ஜூலை கடைசியில், தெரிவுப் போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போது, அவள் மேலறையிலிருந்து ஒவ்வொரு படியிலும் குந்திக் குந்தி இறங்குவதை இமெல்டா கண்டாள்.

“என்ன காலில?”

“ஒண்டுமில்லை. ஷின் கொஞ்சம் நோகுது.”

“எத்தினை நாளா?”

“ரெண்டு கிழமை.”

முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் ஒரு இடத்தில் விரல் வைத்தவுடன் ஷெரோமி பல்லைக் கடித்தாள். எண்ணெய் தடவினார்கள். நோவு குறையவில்லை. கடைசியில் வெள்ளவத்தையில் டொக்டர் உஷாந்தியிடம் சனல் பண்ணி நேரம் எடுத்து, சிறில் லீவு போட்டு, மூன்று பேரும் ஓட்டோவில் போனார்கள்.

டொக்டரின் அறை கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இருந்தது. ரெயின் போகும்போது ஜன்னல் அதிரும். அது போகும்வரை எல்லாரும் பேச்சை நிறுத்தி வைத்திருப்பார்கள். சிறில் வெளியே கதிரையில் இருந்துவிட்டான். டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பில் மயிர் விழுந்தது போலிருந்த ஒரு கோட்டைக் காட்டினாள். “எலும்பு வெடிச்சிருக்கு. விழுந்தனீரோ?”

“இல்லை டொக்டர்.”

“கடைசியா எப்ப பீரியட்ஸ் வந்தது?”

ஷெரோமி தாயைப் பார்த்தாள். “ஒக்டோபர்.”

“போன ஒக்டோபரோ?”

“ஓம்.”

டொக்டர் பேனையைக் கீழே வைத்தாள். பிறகு கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் ஷெரோமி மெதுவாகப் பதில் சொன்னாள். விடிய என்ன, மத்தியானம் என்ன, கிழமைக்கு எத்தனை கிலோமீற்றர், எத்தனை மணிக்கு நித்திரை.

“பத்தரைக்குப் படுப்பன். சில நாள் நித்திரை வராது.”

“ஏன்?”

“திங்கக்கிழமை நிறுக்கிறதை யோசிப்பன்.”

“வேற காரணமும் இருக்கலாம். தைரொயிட், சூலகத்தில நீர்க்கட்டி, அதுகளையும் ரத்தம் எடுத்து, ஸ்கான் பண்ணிப் பாத்திட்டுத்தான் சொல்லுவன். ஆனா எனக்கு என்ன தெரியுதெண்டா,” என்று தொடங்கியபோது ரெயின் வந்தது. மூன்று பெண்களும் அது போகும்வரை காத்திருந்தார்கள். “நீர் சாப்பிடுறது உம்மட ஓட்டத்துக்கே காணாது. அப்ப உடம்பு எதை நிப்பாட்டலாமெண்டு பாக்கும். இதயத்தை நிப்பாட்டேலாது, மூச்சை நிப்பாட்டேலாது. பிள்ளை பெறுற அலுவலை நிப்பாட்டினா ஆள் சாகாது. அதை நிப்பாட்டிப்போடும். அது நிண்டா எலும்புக்குப் போறதும் குறையும்.” இமெல்டாவின் பக்கம் திரும்பினாள். “அம்மா, உங்களுக்கு நிண்டிட்டுதோ?”

“ரெண்டு வருசம்.”

“உங்கட வயசில எலும்பு தேயத் தொடங்கிறது மாதிரி இவவுக்கு இப்பவே தொடங்கியிட்டுது.”

இமெல்டா கதிரையை முன்னுக்கு இழுத்தாள். “வரப்பண்ணுற குளிசை ஏதும் குடுக்கேலாதோ டொக்டர்?”

“குடுக்கலாம். ரத்தம் வரும். அது குளிசையால வாற ரத்தம். இவவின்ர உடம்பு சுகமாகியிட்டுது எண்டு நீங்களும் நினைப்பீங்கள், இவவும் நினைப்பா. வடிவாச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, ஓட்டத்தைக் குறைச்சு, தன்பாட்டில வரோணும். மாசக்கணக்கில செல்லும்.”

“எனக்கு மூண்டு கிழமையில ரயல்ஸ்,” என்றாள் ஷெரோமி.

“ஏலாது பிள்ளை. எட்டுக் கிழமைக்கு ஓட்டமே இல்லை.”

வெளியே வந்ததும் ஷெரோமி அழவில்லை. ஓட்டோவுக்குள் ஏறி, காலி வீதி நெடுக கடைப் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டு வந்தாள். பம்பலப்பிட்டி தாண்டிய பிறகு, “வேலை போயிட்டுது,” என்று மட்டும் சொன்னாள்.

ரத்தத்திலும் ஸ்கானிலும் வேறு குறை ஒன்றும் வரவில்லை. டொக்டர் சொன்னதுதான் சரி. ஆனால் சிறிலுக்கு அது சரிவரவில்லை.

“ஒரு போட்டிதான் இமெல். காலைக் கட்டிக்கிட்டு ஓடட்டும். நோவுக்கு ஊசி இருக்காம், துறைமுகத்துல ஒருத்தன் சொன்னான். வேலை கிடைச்சாப் பிறகு ஒரு வருசம் வேணுமெண்டாலும் படுத்துக் கிடக்கட்டுமே.”

“டொக்டர் சொன்னது உங்களுக்கு விளங்கேல்லையோ?”

“கால் வெடிச்சது விளங்குது. நீ என்னமோ வேற கதை சொல்லுற. பொம்பளைங்க விசயத்துக்கும் கால் எலும்புக்கும் என்ன?”

இமெல்டா சொல்ல வாயெடுத்தாள். புருஷனுக்கு முன்னால் அந்தச் சொற்கள் வரவில்லை. “இருக்கு,” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் நிஹால் சேரே போன் எடுத்தார். இறுக்கிக் கட்டினால் ஓடலாம், பிள்ளையை அனுப்புங்கள் என்றார். இமெல்டா மெஷினை மூடிவிட்டு, நல்ல சாறி ஒன்றைக் கட்டிக்கொண்டு, தனியே மைதானத்துக்குப் போனாள். பெட்டைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சேர் கையில் மணிக்கூட்டோடு நின்றார். ஐம்பது வயது மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். இமெல்டாவின் சிங்களம் தட்டுத் தடுமாறித்தான் வந்தது, ஆனாலும் வந்தது.

“மகளுக்கு ஒன்பது மாதமாக மாதவிடாய் வரவில்லை, சேர். அதனால்தான் எலும்பு வெடித்தது. உங்களுக்குத் தெரியாதா?”

அவர் முகம் சிவந்து, ஓடுகிறவர்களின் பக்கம் திரும்பினார். “அம்மே, நான் ஆம்பிளை. அதையெல்லாம் நான் எப்படிப் பிள்ளைகளிடம் கேட்பது?”

“எடை எவ்வளவென்று கேட்கிறீர்கள்தானே.”

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு சுற்று முடிந்து பெட்டைகள் கடந்துபோனார்கள்; நேரத்தைச் சத்தமிட்டுச் சொல்ல அவர் மறந்துவிட்டார். எனக்கு ஓடக் கற்றுத் தந்தவரும் இப்படித்தான் தராசு வைத்தார், வேறு மாதிரி யாரும் சொல்லித் தரவில்லை என்றார். பொய் சொல்கிற ஆள் மாதிரி இருக்கவில்லை. ஆனால் இடத்தைப் பிடித்து வைக்கத் தன்னால் முடியாது, அது கம்பனியின் முடிவு என்றும் சொன்னார். இமெல்டா வணக்கம் சொல்லிவிட்டு வந்தாள். மகள் வரமாட்டாள் என்று சிறிலிடம் சொன்னாள். அவன் நாலு நாள் அவளோடு கதைக்கவில்லை.

தெரிவுப் போட்டியில் ஹம்சிகா பதினேழு நிமிடம் இருபத்தெட்டுச் செக்கனில் ஓடி வேலையை எடுத்துவிட்டாள். ஷெரோமியின் தற்காலிக வேலை அந்த மாதத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் கடினம். எலும்பு எட்டுக் கிழமையில் பொருந்திவிட்டது. சோறுதான் உள்ளே இறங்கவில்லை. மூன்று அகப்பை போட்டால் இரண்டைத் திரும்பப் பானைக்குள் போடுவாள். ஒரு நாள் இமெல்டா கோபத்தில் சோற்றுக் கோப்பையைத் தூக்கி மேசையில் அடித்தாள்.

“நான் வேணுமெண்டு சாப்பிடாமல் இருக்கிறன் எண்டு நினைக்கிறீங்கள். எனக்குப் பயமாக் கிடக்கு அம்மா,” என்றாள் ஷெரோமி. “தின்னுற ஒவ்வொரு வாயும் காலில போய் ஏறுற மாதிரிக் கிடக்கு. தராசில்லாட்டியும் எனக்குத் தராசு தெரியுது.”

இமெல்டா அதற்குப் பிறகு கோப்பையைப் பார்ப்பதை விட்டாள். மகளுக்கு எதிரே இருந்து தானும் சாப்பிட்டாள், அவ்வளவுதான். மத்தியானம் ஷெரோமி தையலுக்கு உதவி செய்தாள். கொக்கி தைத்தாள், பொத்தான் தைத்தாள். டொக்டர் சொன்னபடி விடியப் பாணும் வாழைப்பழமும், பத்து மணிக்குப் பாலும். ஏழு மணிக்கு முன் எழும்பக்கூடாது. நவம்பரில் பழைய ஓட்ட உடுப்பு இடுப்பில் ஏறவில்லை என்று குளியலறைக்குள் இருந்து அழுதாள். இமெல்டா கதவுக்கு வெளியே நின்றாள். “தாவன், ரெண்டு பக்கமும் தையலைப் பிரிச்சுவிடுறன்,” என்றாள். நேரம் சென்று கதவு திறந்தது. உடுப்பு மட்டும் வெளியே வந்தது.

ஹம்சிகா ஒரு நாள் இனிப்போடு வந்தாள். ஷெரோமி அவளை மேலறைக்குக் கூட்டிக்கொண்டு போய் நெடுநேரம் கதைத்தாள். டொக்டரின் நம்பரைக் கடதாசியில் எழுதிக் கொடுத்தாளாம். ஹம்சிகா அதை மடித்துப் பைக்குள் வைத்தாளாம். போவேன் என்றும் சொல்லவில்லை, போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

தை மாதத்தில் ஷெரோமி திரும்பவும் ஓடத் தொடங்கினாள். கிழமையில் நாலே நாள், மெல்ல. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலையும் எடுத்துக்கொண்டாள். பெப்ரவரியில் காலிமுகத்திடலில் எவரும் ஓடக்கூடிய பத்துக் கிலோமீற்றர் வீதியோட்டம் ஒன்று இருந்தது. பெயர் கொடுத்தாள். பரிசுக்கு இல்லை, சும்மா என்றாள். சிறிலும் வந்தான். வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தான்.

ஓட்டம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது ஷெரோமி தற்காலிகக் கழிப்பறையிலிருந்து தலையை நீட்டினாள்.

“அம்மா. பாட் இருக்கோ?”

இமெல்டாவுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. “என்னத்துக்கு?” என்று கேட்டுவிட்டு, மகளின் முகத்தைப் பார்த்தவுடன் விறைத்து நின்றாள்.

“ஓமெண்டுறன். கெதியா!”

தன் பையில் எங்கே இருக்கப்போகிறது. இமெல்டா வரிசையில் நின்ற பெண்களிடம் ஓடினாள். வாழ்க்கையில் இதை மெல்லிய குரலிலன்றிக் கேட்டிராதவள், தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிச் சத்தமாகக் கேட்டுக்கொண்டு போனாள். தலையில் முக்காடு கட்டி, நம்பர் குத்திய ஒரு முஸ்லிம் பெட்டை, “நில்லுங்க ஆன்ட்டி,” என்று தன் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். இமெல்டா அவளுடைய இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கொஞ்சினாள். அந்தப் பெட்டை பயந்துபோனாள்.

“ஓடாதை, வீட்டை போவம்,” என்றாள் மகளிடம்.

“நல்லா நோகுது,” என்றாள் ஷெரோமி. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. “ஓடுறன். பாப்பம்.”

ஓடினாள். வெயில் ஏறி, கடல் பளபளக்கத் தொடங்கிய நேரம் முப்பத்தோராவது ஆளாக வந்து சேர்ந்தாள். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றாள்.

சிறில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பொஞ்சாதியின் பக்கம் திரும்பினான். “முப்பத்தொண்டு. பள்ளிக்கூடத்துலயே இவ ரெண்டாவதுக்குக் கீழ வந்ததில்ல. நீ என்னத்துக்கு இப்பிடிச் சிரிக்கிற?”

“பிள்ளைக்குப் பீரியட்ஸ் வந்திட்டுது,” என்றாள் இமெல்டா. “பதினாறு மாசத்துக்குப் பிறகு.”

இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அந்தச் சொல் அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்ததில்லை. சிறில் யாராவது கேட்டுவிட்டார்களோ என்று சுற்றிப் பார்த்தான். வடை விற்கிறவன் தன்பாட்டில் வடை விற்றுக்கொண்டிருந்தான்.

“எப்ப?”

“ஓடமுந்தி.”

“அதோடயா பத்துக் கிலோமீற்றர் ஓடின?”

“ஓம்.”

அவன் மகளைப் பார்த்தான். ஷெரோமி ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி, மற்றக் கையால் தண்ணீர்ப் போத்தலைத் திறக்கமுடியாமல் திருகிக்கொண்டிருந்தாள்.

“நோகுதாமா?”

“நல்லா நோகுதாம்.”

“அப்ப நல்லது,” என்றான் சிறில். சொல்லிவிட்டு, மகளிடம் போய்ப் போத்தலை வாங்கித் திறந்து கொடுத்தான்.